அம்மன் தள்ளிவிடவில்லை

அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்பவேண்டும் என்று உத்திரமேரூர் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாதியை என்பதில்தான் தகராறு.

மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் பெண்டாட்டியைத் தவிர யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் மைக்காரர். என்னுடைய செல்போன் ரிப்பேர் கடைக்கும் அவருடைய கடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே "நைனா, நாஷ்டா ஆச்சா?" என்று குரல் வரும். ஆச்சு என்று சொன்னால் போதும், முந்தின நாள் தான் காஞ்சிபுரம் போய் வந்த கதை ஆரம்பமாகிவிடும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்து, இறங்கி, ஸ்பீக்கருக்கு ஒயர் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அவர் சொல்லும்போது அதில் ஒரு கண்டக்டர் அழுவார், ஒரு கிழவர் பாட்டுப் பாடுவார், ஒரு மாடு டிரைவர் பக்கம் தலையை விட்டு ஹாரன் அடிக்கும்.

"இதெல்லாம் நெஜமா நடந்துதா?" என்று கேட்டால் கோபம் வராது.

"நடந்தத அப்பிடியே சொன்னா காதுல நிக்காது நைனா. ரவ சேத்து சொல்லணும்" என்பார். ரவ என்றால் கொஞ்சம்.

மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொள்வார். ஹலோ, ஒன் டூ த்ரீ என்றெல்லாம் சோதிக்கமாட்டார். "கேக்குதா? கடைசில செருப்பு மேல குந்திக்கினு கீற அண்ணிக்குக் கேக்குதா?" என்பார். கூட்டத்தின் கடைசியில் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வந்தால் ஸ்பீக்கர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை தொலைந்து மைக்காரரிடம் வந்து சேர்ந்தது. வேறு யாராவது என்றால் சட்டை நிறத்தைச் சொல்லி, பெற்றோர் வரவும் என்று முடித்திருப்பார்கள். இவர் அந்தப் பையனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "இந்த சார் தொலஞ்சி போவலயாம். இவங்க அம்மாதான் தொலஞ்சி போச்சாம். கண்டுபுடிச்சிக் குடுத்தா பஞ்சு முட்டாய்ல பாதி தராராம்" என்று அறிவித்தார். அந்த அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடி வந்ததை நான் பார்த்தேன்.

யாருக்கும் எதையும் கொடுத்தறியாத ஒரு நெல் வியாபாரி செத்தபோது, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போய், வாரிக் கொடுத்த வள்ளல் என்று தெருத்தெருவாகச் சொன்னவர் அவர். இறந்தவரின் மகனே ஆட்டோவை மறித்து, "எங்க அப்பாவயா சொல்ற?" என்று சந்தேகமாகக் கேட்டான். "செத்த மனுசனுக்கு ரவ சேத்து சொன்னா உனுக்கு இன்னா பேஜாரு?" என்று இவர் ஆட்டோவை நகர்த்தச் சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் ஊர்க் கோயிலின் கதை இருந்தது.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரிக்கரை மேல், மடைக்குப் பக்கத்தில் மடையம்மன் கோயில். அடிப்பக்கம் பழைய கருங்கல், அதில் எழுத்துகள் வெட்டியிருக்கும். மேலே உள்ளதெல்லாம் பின்னால் யாரோ செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. ஊரில் சொல்லிவந்த கதை சின்னது. ஒரு அடைமழையில் ஏரி நிரம்பிக் கரை உடையப் பார்த்தது. மடையைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி காய்ச்சலில் கிடந்தார். அவர் மகள் மடையோரம் மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். மடைப் பலகை பிய்த்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் உள்ளே இறங்கித் தன் உடம்பையே அடைப்பாகக் கொடுத்தாள். மழை விட்டபோது கரை நின்றிருந்தது. பெண் இல்லை. அவள் பிடித்த மீன் மட்டும் கூடையில் கிடந்தது.

அதனால் ஆடி மாதத்தில் அவளுக்குக் கூழும் கருவாட்டுக் குழம்பும் படைப்போம். அது அவள் சாப்பாடு. இதில் விளக்கம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு சமயம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்து அந்தக் கல்லெழுத்தைப் படித்தார்கள். ஏரியில் வருஷா வருஷம் தூர் வாருவதற்காக ஊர்ச்சபை நிலம் விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறதாம். அதில் பெண்ணைப் பற்றி எதுவும் இல்லை. மைக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த திருவிழாவில் அந்தக் கதைக்குள் ஒரு ராஜா வந்துவிட்டார். யானைமேல் வந்து, மடையைப் பார்த்து, கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். "இது நான் சொல்றது இல்ல, கல்வெட்டுலயே கீது" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து படித்ததை இப்படியா ஆக்குவது என்று கேட்டேன்.

"கல்லு சொன்னத கல்லுகிட்டயே வுடு நைனா. ஜனத்துக்கு ஆளு வேணும், யானை வேணும்."

அவர்மேல் கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள யாராலும் முடியாது. நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு கோயில் கமிட்டிக்கு என் பெரியப்பா தலைவரானார். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் கெட்டவர் இல்லை. விடியற்காலையில் தானே துடைப்பம் எடுத்துக் கோயிலைப் பெருக்குகிறவர். ஆனால் அவருக்குக் கோயில் பெரிதாகவேண்டும். வெளியூரிலிருந்து கார்கள் வரவேண்டும். வருகிறவர்கள் கருவாட்டு வாசனையில் மூக்கைப் பிடிக்கக்கூடாது. கருவாடு படைக்கக்கூடாது என்று ஒரு ஆடியில் கமிட்டி முடிவு செய்தது. ஊரில் பாதிப் பேர் கேட்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள் எப்போதும்போல் சட்டியோடு வந்தார்கள். பெரியப்பா மைக்காரரைக் கூப்பிட்டு, "நேரா சொன்னா சண்டைக்கி வருவாங்க. நீ ஏதாவது பக்குவமா எடுத்துவுடு" என்றார்.

நான் அன்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மைக்காரர் கற்கண்டை வாயில் போட்டார். மேலே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"இதே ஊர்ல ஒருத்தர் இருந்தார். மீன் தின்ன வாயோட, கை கூட சரியா கழுவாம, விமானத்துக்கு விளக்கு வைக்க ஏணில ஏறினார். பாதி ஏணி ஏறும்போது மேல ஒரு பொண்ணு நின்னா. பாவாட ஈரம் சொட்டிக்கினு இருந்தது. ஏம்பா, இப்படியா எங்கிட்ட வர்றதுன்னு கேட்டா. அவ்ளோதான். ஒரே ஒரு வெரல வச்சித் தள்ளினா."

 ஈரப் பாவாடை என்று சொன்ன இடத்தில் எனக்கே முதுகு சிலிர்த்தது. அது அவருடைய திறமை. சொல்லி முடித்து மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்த ஆடியில் கருவாட்டுச் சட்டிகள் குறைந்தன. அதற்கடுத்த ஆடியில் ஒன்றும் வரவில்லை. கதை மட்டும் வளர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் விரலில் ஒரு மோதிரம், காலில் ஒரு கொலுசு என்று அவரும் சேர்த்துக்கொண்டே போனார்.

அப்புறம் திருப்பணி ஆரம்பித்தது. வெளியூர் கான்ட்ராக்டர். விமானத்தைச் சுற்றிச் சவுக்குக் கொம்பில் சாரம் கட்டினார்கள். எங்கேயோ ஒரு வேலையில் மழையில் நனைந்து கிடந்த தேங்காய்நார்க் கயிறு. வர்ணம் பூசுகிறவர்களுக்கு எடுபிடியாக ஏரிக்கு அந்தப் பக்கத்து ஏழுமலை போனான். இருளர் பையன், சின்ன வயது, இரண்டு பிள்ளைகள். அன்று மத்தியானம் அவன் பெண்டாட்டி கன்னியம்மா சோறு கொண்டுவந்து கொடுத்தாள். தின்றுவிட்டு, வர்ண வாளியோடு திரும்ப ஏறினான். மேல் கட்டு அறுந்து கொம்போடு கருங்கல் தரையில் விழுந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போகும்போது வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அறுந்த கயிற்றை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. மரத்தடியில் இருந்த அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். அடியில் கொஞ்சம் கெண்டை மீன் குழம்பு ஒட்டியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஊர் பேசி முடித்துவிட்டது. மீன் தின்ற வாயோடு ஏறினான், அம்மா தள்ளிவிட்டாள். கான்ட்ராக்டர் அதை மறுக்கவில்லை. அவர் ஏன் மறுக்கப்போகிறார்? கமிட்டி தோஷம் கழிக்கப் பரிகார பூஜைக்கு ஏற்பாடு செய்தது. கும்பாபிஷேகம் முடிகிறவரை அந்தக் குடிசைக்காரர்கள் யாரும் கரைமேல் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஊர் சொன்ன ஆறுதல் இது.

மைக்காரர் அன்று வேறொரு ஊரில் கல்யாணத்துக்கு செட் கட்டப் போயிருந்தார். மறுநாள் காலையில்தான் திரும்பினார். டீக்கடையில் நானும் அவரும் நின்றோம். பெஞ்சில் ஒருவன் நடந்ததை விவரித்துக்கொண்டிருந்தான்.

"மேல ஒரு பொண்ணு நின்னுச்சாம்பா. பாவாட எல்லாம் ஈரமாம். கீழ சுண்ணாம்பு கலக்கிக்கினு இருந்தவன் பாத்தானாம்."

மைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "அது நான் சொன்னதுடா" என்றார்.

"ஆமாண்ணே. நீதான் அன்னிக்கே சொன்னியே" என்றான் அவன், மரியாதையோடு.

மைக்காரர் டீயை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். என் பைக்கில் ஏறிக்கொண்டு கோயிலுக்குப் போகச் சொன்னார். ஸ்பீக்கர் குழாய்களை மரத்திலும் கம்பத்திலும் கட்டியே வயசானவர், அவருக்குக் கயிறு தெரியும். சாரத்தின் கீழ்க்கட்டு ஒன்றை நகத்தால் கீறினார். நார் பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் பொடியை வைத்துக்கொண்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

பெரியப்பா பரிகார பூஜைக்குச் சாமான் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். "வாய்யா. மைக்கு வேணும். சாயங்காலம் நாலு வார்த்த சொல்லணும்" என்றார்.

"அந்தக் கதை நான் கட்னதுங்க. ஏதாவது எடுத்துவுடுன்னு நீங்க சொன்னீங்க. நான் எடுத்துவுட்டேன். அப்பிடி ஒருத்தன் ஏறவும் இல்ல, வுழுவவும் இல்ல."

"இப்ப வுழுந்தானா இல்லியா?"

"வுழுந்தான். கயிறு இத்துப் போயிருந்திச்சி. தோ பாருங்க."

பெரியப்பா அந்தக் கையைப் பார்க்கவில்லை. "மீனு துன்னானா இல்லியா?"

"துன்னான். நானுந்தான் துன்றேன். நீங்களுந்தான் துன்றீங்க. அந்தப் பொண்ணே மீனு புடிச்சித் துன்ன பொண்ணுதானே. துன்றவனத் தள்ளுவாளா?"

"நான் துன்னுட்டு ஏறலயே."

"தலவரே, கயித்தப் பாருங்க."

பெரியப்பா நிதானமாகத்தான் பேசினார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நீ கட்ன கதைன்ற. எவ்ளோ கதை கட்லாம். குறிப்பா இத்த ஏன் கட்ன? உன் நாக்குல குந்திக்கினு சொன்னவ யாரு? நடக்கப்போறத அவ முன்னாலயே சொல்லிட்டா. உனுக்குத்தான் புரியல."

மைக்காரர் கையிலிருந்த நார்ப்பொடியை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வழியில் என்னிடம், "அப்ப நான் இன்னா சொன்னாலும் அவ சொன்னதாய்டுமா நைனா? பொய்யி சொன்னாலும் அவதான், பொய்யின்னு சொன்னாலும் அவதானா?" என்று கேட்டார். 

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கடை கடையாகப் போய் உண்மையைச் சொன்னார். அவருக்கு அது வரவில்லை. கதை என்றால் கைகால் எல்லாம் பேசுகிற மனுஷன், "கயிறு இத்துப் போச்சி, அதான் அறுந்துது, அதான் வுழுந்தான்" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். சலூனில் ஒருவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "அண்ணே, இதுல ராஜா எப்ப வர்றாரு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் புதிதாக ஏதோ கதை விடுகிறார் என்றே பலர் நினைத்தார்கள். இத்தனை வருஷம் அவர் சேர்த்துச் சொன்னதையெல்லாம் நம்பியவர்கள், சேர்க்காமல் சொன்ன ஒன்றை நம்பவில்லை.

நடவு தொடங்கியது. கன்னியம்மா எப்போதும் வருகிற ஆள். எங்கள் கழனியில் அவளோடு ஒரே வரிசையில் நின்று நாற்று நட மாட்டோம் என்று மற்ற பெண்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா தள்ளிவிட்டவன் பெண்டாட்டியாம், அவள் கை பட்டால் நாற்று வேர் பிடிக்காதாம். என் அண்ணி அவளை வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். நான் வீட்டில் கத்தினேன். "நீ வேணா எறங்கி நடு. ஆளுங்க வரலன்னா யார் நடுவாங்க?" என்றாள் அண்ணி. அந்தக் கேள்வியோடு அந்த வீட்டில் பேச்சு முடிந்தது. ஒரு பெண்ணின் சோற்றைப் பிடுங்குவதற்கு அவ்வளவு கணக்கு போதுமானதாக இருந்தது.

இதைக் கேட்டதும் மைக்காரர் என்னை அவள் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். கன்னியம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவர்தான் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தார். தான் சொன்னது கட்டுக்கதை என்றார். எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

அவள் கோடாலியைக் கீழே வைத்தாள். "எங்க வூட்டு ஆளு காலயிலயே சொல்லிச்சி. கயிறு சரியில்ல, மேஸ்திரிகிட்ட சொன்னேன், ஏறுடா பாத்துக்கலாம்னு சொல்லிட்டான்னுச்சி. அத்த எங்கிட்ட யாரும் கேக்கல. டப்பாவத் தொறந்து கொழம்ப மோந்து பாத்தாங்க."

மைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ அன்னிக்கி மைக்குல சொல்லும்போது அதுவும் கூட்டத்துல நின்னுக்கினு கேட்டுச்சி. வூட்டுக்கு வந்து புள்ளைங்களுக்கு அப்பிடியே சொல்லிக் காட்டிச்சி. இன்னாமா சொல்றாரு அந்தாளுன்னு ஒரே சிரிப்பு." அவள் குரல் உயரவே இல்லை. "இப்ப எதுக்கு என்னாண்ட வந்து சொல்ற? மைக்குல சொன்னத மைக்குல போயி சொல்லு."

திரும்பி வரும்போது, கும்பாபிஷேகத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கும்பாபிஷேகத்துக்கு மைக்செட் அவருடையதுதான் என்று முன்பே பேசி முடித்திருந்தது. மாற்றினால் நாலு பேர் காரணம் கேட்பார்கள் என்று கமிட்டியும் விட்டுவிட்டது. அன்று காலையில் கரை கொள்ளாத கூட்டம். பெரியப்பா ஆசைப்பட்ட கார்களும் வந்திருந்தன. குருக்கள்மார் குடத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கருடன் வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த இடத்தில்தான் அவர் கதையை எடுப்பார். எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் கற்கண்டு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. எழுந்து நின்று மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டார்.

"ஒரு விஷயம் சொல்லணும். மீனு தின்னுட்டு ஏறினவர அம்மா தள்ளிவிட்டான்னு நான் சொன்னது பொய்யி. நானே கட்டினது. ஏழுமல விழுந்தது கயிறு இத்துப்போனதால. கயிறு சரியில்லன்னு அவன் சொல்லியிருக்கான். அப்பவும் ஏறச் சொன்னாங்க. நம்ம அம்மா மீன் புடிச்ச பொண்ணு. ஊரக் காப்பாத்த உசுரக் குடுத்த பொண்ணு. அவ யாரையும் தள்ளல. கன்னியம்மாவ வேலைக்கிக் கூப்புடுங்க."

அதற்குள் பெரியப்பா கையைக் காட்ட, யாரோ ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். மைக் செத்தது. மேளக்காரர்களை வாசிக்கச் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை. வெறும் தொண்டையில் அதையே திரும்பத் திரும்பக் கத்தினார். பக்கத்தில் நின்ற எனக்கே மேளச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. இரண்டு பேர் அவரைத் தோளில் பிடித்துக் கரையிலிருந்து இறக்கினார்கள். சட்டை கிழிந்தது. விமானத்தின் மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். கூட்டம் கை கூப்பியது.

அன்று கத்தியதில் தொண்டை கட்டி, பல நாளைக்கு அவருக்குக் குரலே வரவில்லை. வெந்நீரும் மிளகும் குடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவை எதிர்த்துப் பேசினான், மைக் தானாக அணைந்தது, நாக்கைப் பிடுங்கிக்கொண்டாள். ஜெனரேட்டரை நிறுத்தியவன் யார் என்று ஊருக்கே தெரியும். அந்த ஆளே இந்தக் கதையைச் சொல்வதை நான் காதால் கேட்டேன்.

திருவிழாவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு வேலையை அவர் விடாமல் செய்தார். கன்னியம்மாவோடு பஸ் ஏறி காஞ்சிபுரத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். போலீசில் சொன்னார், தொழிலாளர் விவகாரம் பார்க்கிற அலுவலகத்தில் சொன்னார், சாரத்தில் வேலை செய்த இன்னொரு பையனைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்லவைத்தார். அங்கே யாருக்கும் ராஜா தேவைப்படவில்லை. கயிறு எப்படி இருந்தது, யார் ஏறச் சொன்னது என்றுதான் கேட்டார்கள். அவருக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னார். கடைசியில் கான்ட்ராக்டர் மேல்தான் தவறு என்று முடிவானது. அவள் பிள்ளைகளுக்குச் சேரவேண்டியது சேர்ந்தது. அதை ஊரில் யாரும் பேசவில்லை. கன்னியம்மா அங்கே இருக்கவும் இல்லை. ஓரிக்கைப் பக்கம் அக்கா வீட்டோடு போய்விட்டாள். கிளம்பும்போது மைக்காரரிடம் சொல்லிக்கொண்டு போனாளா என்று கேட்டேன். "எதுக்கு சொல்லிக்கணும்?" என்றார் அவர்.

மைக்செட்டை விற்றுவிட்டு அவரும் ஐயங்கார்குளத்தில் மகள் வீட்டுக்குப் போனார். குரல் எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. அடிக்கடி போன் பண்ணுவார். அந்த ஊர்ப் பெரிய குளம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "தண்ணி கீது" என்பார். "அப்புறம்?" என்பேன். ஒரு முதலையாவது, ஒரு தங்கக் குடமாவது வரும் என்று காத்திருப்பேன். "அப்புறம் இன்னா. படிக்கட்டு கீது, தண்ணி கீது. அவ்ளோதான் நைனா" என்பார். அந்த மனிதரிடமிருந்து அதையும் பிடுங்கிவிட்டார்கள். போன வருஷம் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

இந்த ஆடியில் கோயிலுக்கு வெளியூர் பஸ் ஒன்று வந்தது. நிறையப் பெண்கள். இடுப்பில் சின்ன ஸ்பீக்கர் கட்டிய ஒரு இளைஞன் அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். ராஜா வந்தார், யானை வந்தது. மீன் தின்றவன் விழுந்தான். பிறகு, "அம்மாவுக்கு சக்தி இல்லன்னு மைக்ல சொன்ன ஒருத்தர், அந்த நிமிஷமே ஊமையாகி, சாகுறவரைக்கும் பேசல" என்றான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் அவர்கள் நடுவில் போய் நின்றேன். "அவர் ஊமை இல்ல. எனக்குத் தெரிஞ்சவர். செத்துப்போன அன்னிக்குக் காலையில கூட எங்கூடப் பேசினார். அம்மாவுக்கு சக்தி இல்லன்னும் அவர் சொல்லல. தள்ளலன்னுதான் சொன்னார். விழுந்தவன் பேரு ஏழுமலை" என்றேன்.

"யாரு சார் ஏழுமலை?" என்றான் அந்த இளைஞன். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன், டப்பாவைச் சொன்னேன், ஜெனரேட்டரைச் சொன்னேன். சில பெண்கள் கேட்டார்கள். சிலர் என்னைப் பயத்தோடு பார்த்து இன்னொரு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லோரும் ஏறினார்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா தலையை வெளியே நீட்டி, "ஏம்பா, கயிறு சரியில்லன்னு சொன்னதுக்கப்புறமும் ஏறச் சொன்னாங்களே, அவங்கள யாரும் கேக்கலயா?" என்றார்.

"கேட்டாங்கம்மா. ரெண்டு பேர் கேட்டாங்க" என்றேன்.

பஸ் நகர ஆரம்பித்தது. நான் படியில் ஏறி, டிரைவர் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, கன்னியம்மாவிலிருந்து ஆரம்பித்தேன்.